பர்ஸு வீங்குன மருமவனுக்கு

ஏலே மருமவனே, கோவிச்சுக்கிடாதே. நீ பர்ஸைத் திண்ணையில வச்சிட்டுக் குளிக்கப் போனியா, உங்க அத்தைக்காரி அதைத் தூக்கிப் பாத்துட்டு, "பிள்ளை நல்லாச் சம்பாதிக்கான் போல, என்ன கனம் கனக்கு!"ன்னு பூரிச்சுப் போயிட்டா. நான்தான் தொறந்து பாத்தேன். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. உள்ள ஒரு 20 ரூபா நோட்டு, கழுகுமலை முருகன் படம் ஒண்ணு, மத்ததெல்லாம் அட்டை. சோழிங்கநல்லூர்ல ஒரே ரூம்ல மூணு பேரு கூடப் படுத்துக் கெடக்கவனுக்கு நாலு கிரெடிட் கார்டு!

நாலையும் கட்டில்ல பரத்தி வச்சுப் பாத்தேன். கறுப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, தங்கக் கலரு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. எல்லாத்துலயும் உன் பேரை எழுத்து எழுத்தாப் பொறிச்சிருக்கான். உனக்குப் பேரு வச்ச அன்னைக்கு உங்க அப்பன்கூட இவ்வளவு சிரமப்படல.

எனக்கு இந்த எளவெல்லாம் என்ன தெரியும்? நான் எட்டாப்பு. போன தடவை வந்தப்போ நீ பரண்ல வீசிட்டுப் போனியே ஒரு மடக்கு நோட்டீசு, 'மிக முக்கியமான விதிமுறைகள்'னு மேல கொட்டை எழுத்துல போட்டுட்டுக் கீழ எல்லாத்தையும் பொடி எழுத்துல அடிச்சிருக்கான், அதைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சேன். புரியாத சொல்லைப் போஸ்ட்மேன் கிட்ட கேட்டுக்கிட்டேன். மழை இல்ல, காட்டுல சோலியும் இல்ல. வேற எப்பிடிப் பொழுது போகும்?

முக்கியம்னு மேல போட்டிருக்கவன் அதை எதுக்குலே பொடி எழுத்துல அடிக்கணும்? சரி, அது கெடக்கட்டும்.

அதுல ஒரு கட்டத்துக்குள்ள 'மாசம் 3.5 சதவீதம்'னு போட்டிருக்கு. பக்கத்துலயே 'வருஷம் 42 சதவீதம்'. நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா மூணரை வட்டி. உங்க தாத்தா பருத்திக்கு மருந்தடிக்க ஒருக்கா ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கிட்டு, அந்த வருஷம் பூரா வட்டிக்காரன் தெரு வழியாவே நடக்கல, ஊரைச் சுத்தித்தான் காட்டுக்குப் போவாரு. அவரு பேரன் மூணரை வட்டிக்கு வாங்கி, ஷூவும் போட்டுக்கிட்டு, நடுத்தெருவுல நெஞ்சை நிமித்தி வாரான். காலம் முன்னேறித்தான் போச்சு.

அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. கந்துவட்டிக்காரன் எத்தனையோ அக்கிரமம் பண்ணியிருக்கான். வட்டிக்கு ஜிஎஸ்டி போட்டான்னு நான் கேள்விப்பட்டதில்ல. அவனைப் புடிக்க 2003-ல நம்ம தமிழ்நாட்டுல தனிச் சட்டமே கொண்டாந்தாக. கார்டுக்காரனைப் புடிக்கவும் ஒருக்கா கையை ஓங்குனாக: வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வாங்குதது நியாயம் இல்லன்னு 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிச்சு. கேசு சுப்ரீம் கோர்ட்டுல பதினாறு வருஷம் கெடந்தது. 2024 டிசம்பர்ல அந்த உத்தரவு செல்லாதுன்னு தீர்ப்பாகிப் போச்சு. ஆக நாப்பத்திரெண்டும் சட்டப்படிதான். நீ தைரியமாக் கட்டலாம்.

"முழுசாக் கட்டுதவனுக்கு வட்டியே கெடையாது மாமா"ன்னு சொல்லப் போறே. வாஸ்தவம். நோட்டீசுலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு. அந்த போனை இங்க தா. தங்கக் கார்டோட போன மாசத்து ஸ்டேட்மென்ட்டை எடு. மொதப் பக்கம் வேண்டாம், அதுல உனக்கு நன்றி சொல்லியிருப்பான். ரெண்டாம் பக்கத்தைக் காட்டு. இந்தா, இந்த வரி. 'ஃபைனான்ஸ் சார்ஜஸ்'. அதுக்குக் கீழ ஜிஎஸ்டி. முழுசாக் கட்டுதவனுக்கு இது எப்பிடி வந்திச்சு?

முழிக்காதே. கார்டு வாங்குன அன்னைக்கு ஆட்டோ டெபிட் ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருந்திருக்கும். ஒண்ணு 'மொத்தப் பாக்கி', இன்னொண்ணு 'மினிமம் டியூ'. நீ எதுல டிக்கு அடிச்சே? இல்ல, ஃபாரம் பூர்த்தி பண்ண வந்த பையன் எதுல அடிச்சான், நீ எதுல கையெழுத்துப் போட்டே? எஞ்சினீயரு, எம்பிட்டு எழுத்து வாசிச்சவன்! ரெண்டு கட்டத்தை வாசிக்க நேரமில்ல.

இப்போ கணக்கைக் கேளு. 20,000 ரூபாய்க்கு போன் வாங்குனே. அவன் உன் சம்பளக் கணக்குல இருந்து 1,000 ரூபா எடுத்துக்கிட்டு, "நன்றி சார்"னு மெசேஜ் அனுப்புனான். நீயும் கடன் தீந்துதுன்னு ஸ்டேட்டஸ் போட்டே. பாக்கி 19,000. அதுக்கு ஒரு மாசத்து மூணரை வட்டி 665 ரூபா. வட்டிக்கு ஜிஎஸ்டி 119 ரூபா 70 காசு. ரெண்டும் சேந்து 785-க்கு முப்பது காசு கொறைச்சல். அடுத்த மாசம் நீ கட்டுத ஆயிரத்துல இந்த 785 போக, கடன்ல கழியுதது 215 ரூபா. இருபதாயிரத்துக்கு இருநூத்திப் பதினஞ்சு! போன் உடைஞ்சு, அதுக்கு அடுத்த போன் வாங்கி, அதுவும் உடைஞ்சாலும் இந்த போனுக்குக் கடன் நிக்கும்.

இதுகூட மருமவன்னு தயவு பார்த்து நான் போட்ட கணக்கு. அவன் அப்பிடிப் போட மாட்டான். முழுசாக் கட்டலன்னா, நீ கடையில வாங்குன தேதியில இருந்தே முழு 20,000-க்கும் வட்டி புடிப்பான். அதோட விடுவானா? பழைய பாக்கி நிக்குத வரைக்கும் புதுசா வாங்குத எதுக்கும் வட்டியில்லாத நாளு கெடையாது. அந்தக் கார்டுல நீ ஒரு டீ குடிச்சாலும் கிளாசைக் கீழ வைக்கதுக்கு முன்னால வட்டி ஓட ஆரம்பிச்சிரும். அந்த ஆட்டோ டெபிட் கட்டத்தை இப்பவே என் முன்னால மாத்து. பாக்கிக்குத் துட்டு இல்லாட்டி உங்க அத்தை கிட்ட ரெண்டு வளையல் கேளு. அரசு பேங்குல நகையை வச்சா ஒரு வட்டிக்குள்ளயே கெடைக்கு. மூணரையில கெடந்து வேகுததுக்கு அது தேவலாம். ஆனா கேக்கையில நீயே கேளு, என்னை இழுக்காதே.

ஏடிஎம்ல மட்டும் இந்தக் கார்டைச் சொருகிராதே. எடுக்குத துட்டுக்கு ரெண்டரை சதவீதம், இல்லாட்டி 500 ரூபா, எது கூடவோ அதை அங்கனயே புடிச்சுக்கிடுவான், பெரும்பாலான கார்டுல இதான் நெலவரம். வட்டியும் அந்த நிமிசத்துலயே ஆரம்பம்.

சரி, கடனை விடு. கார்டு எதுக்கு எடுத்தேன்னு இப்பச் சொல்லு. இந்தக் கறுப்புக் கார்டு?

லவுஞ்சா? விமான நிலையத்துல சும்மா உக்காந்து இட்லி திங்கலாமாக்கும். நல்லது. நீ ஏறுதது நெல்லை எக்ஸ்பிரஸ், எறங்குதது கோவில்பட்டி. அங்கன லவுஞ்சு எங்கலே இருக்கு? அந்தக் கல் பெஞ்சைச் சொல்லுதியா? அந்த லவுஞ்சுக்கும் போன மூணு மாசத்துல இத்தனை ஆயிரம் தேய்ச்சிருந்தாத்தான் உள்ள விடுவேன்னு இப்ப பல கார்டுல விதி போட்டாச்சு. அப்புறம், வெளிநாட்டுல தேய்ச்சா மத்த கார்டுல மூணரை சதவீதம் கூடப் புடிப்பான், இதுல ரெண்டுதானாம். நீ போன வெளிநாடு பாண்டிச்சேரி. டாலர்ல எதுவும் வாங்குதியா? இல்லல்லா? அப்பம் இது எதுக்கு? கறுப்பா இருக்குன்னுதானே வாங்குனே?

எனக்கும் ஒரு பிள்ளை போன் போட்டுக் கார்டு தாரேன்னு சொல்லிச்சுலே. நல்ல பிள்ளை, குரல்ல தேன் சொட்டுது. "சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்ட் கார்டு வந்திருக்கு"ன்னா. யாரும்மா அப்ரூவ் பண்ணுனது, எங்க வீட்டுக்காரியே என்னை இன்னும் அப்ரூவ் பண்ணலையேன்னேன். சிரிச்சுக்கிட்டே, "உங்க மாச வருமானம் எவ்வளவு சார்?"னு கேட்டா. மழை பெய்ஞ்சதும் சொல்லுதேன்னேன். "வட்டியே கெடையாது சார்"னா. கட்டலன்னாலுமான்னு கேட்டேன். லைன்ல சத்தமே இல்ல. டவர் கோளாறா இருக்கும், பாவம்.

மாடு புடிக்கப் போறவன் சந்தைக்குப் போறதுக்கு முன்னால தன் வீட்டுல ஏர் இருக்கா வண்டி இருக்கான்னு பாப்பான். நீ என்னடான்னா மாட்டைப் புடிச்சு வந்து கட்டிட்டு, அதுக்குன்னு வண்டி வாங்கப் போறே. உன் துட்டு ஏற்கெனவே எந்த வழியாப் போகுதோ அந்த வழியிலதாம்லே கார்டைப் பாக்கணும். ஒரு மூணு மாச ஸ்டேட்மென்ட்டையும் ஜிபேயையும் வச்சுக்கிட்டு எழுது. சொன்னா நீ செய்ய மாட்டேன்னு நானே எழுதி வச்சிருக்கேன், இந்தா நோட்டு.

வாடகைப் பங்கு 7,000. இதுக்கு எந்தக் கார்டும் ஒண்ணும் தராது. பாயிண்டு கெடையாது, மேல கட்டணமும் போடுவான். விடு. பெட்ரோல் 1,500. ஆன்லைன்ல சாமான் 4,000. ரயில் டிக்கெட்டு 1,200. மளிகை, டீக்கடை, முடிவெட்டு, மருந்துக்கடைன்னு ஸ்கேன் பண்ணிக் குடுத்தது 5,000. ஸ்விக்கி 4,500... இதை உங்கம்மா கண்ணுல காட்ட முடியாது. அடுப்பு பத்தவைக்கத் தெரியாமலாலே வளத்தோம்? சாப்பாடு கம்பெனி பேர்லயே ஒரு கார்டு இருக்கு, அதுல 10 சதவீதம் திரும்பத் தாரானாம். அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போ நீலக் கார்டு. பெட்ரோலுக்குன்னு எடுத்தது. அந்தக் கம்பெனி பங்குல போட்டா 4 சதவீதம் திரும்பி வரும்னு சொல்லித்தானே குடுத்தான்? வருஷத்துக்கு உன் பெட்ரோல் 18,000. நாலு சதவீதம் 720 ரூபா. கார்டுக்கு வருஷக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோட 589. மிச்சம் 131 ரூபா. அதுக்குத்தான் ரூம் பக்கத்துல இருக்க பங்கை விட்டுட்டு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயி இந்தக் கம்பெனி பங்குல வரிசையில நிக்கே. போக வர எட்டு கிலோமீட்டர் பெட்ரோலை நான் கணக்குல சேக்கல. சேத்தா உன் மனசு சங்கடப்படும்.

சர்சார்ஜு தள்ளுபடின்னு ஒண்ணு சொல்லியிருப்பானே? கார்டுல பெட்ரோல் போட்டா ஒரு சதவீதம் கூட எடுத்துட்டுப் பின்னால திருப்பிப் போடுவான். அதுக்கு ஒருக்கா அடிக்கையில கொறைஞ்சது 400 ரூபாய்க்காவது அடிக்கணும்னு பல கார்டுல இருக்கு. நீ 200 ரூபாய்க்கு மேல அடிச்சு நான் கண்டதில்ல. தள்ளுபடி பண்ணுனாலும் அந்த ஒரு சதவீதத்துக்குப் புடிச்ச ஜிஎஸ்டி திரும்பி வராது. தெனமும் காரோட்டுதவன், டாக்சி வச்சிருக்கவன், மாசம் எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு எண்ணெய் போடுதவன், அவனுக்கு நீலக் கார்டு தங்கம். உனக்கு வெறும் நீலம்.

தங்கக் கார்டுக்கு வா. நாலுலயும் வில்லங்கம் புடிச்சது இதான். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்டு. கேக்க நல்லா இருக்கு. நாலு பாயிண்டு சேந்தா ஒரு ரூபா, அதை அவன் எங்க அடிச்சிருக்கான்னு தேடித்தான் கண்டுபுடிக்கணும். லட்ச ரூபா தேய்ச்சா 1,000 பாயிண்டு, 250 ரூபா. அந்த 250-ஐ நீ வாங்கப் போனா, எடுத்துக் குடுக்கக் கூலி 99 ரூபா, அதுக்கும் ஜிஎஸ்டி. வருஷக் கட்டணம் 999, வரியோட 1,179. இந்தக் கட்டணத்தைப் பாயிண்டுல திருப்பி எடுக்கணும்னா நாலே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட நீ தேய்க்கணும். உன் சம்பளத்துல, சாப்பிடாம இருந்தா முடியும்.

"2 லட்சம் செலவு பண்ணுனா கட்டணம் தள்ளுபடி மாமா"ங்கே. அதுதாம்லே தூண்டில் முள்ளு. போன மார்ச்சுல 1,82,000 வரைக்கும் வந்து நின்னுதா? இன்னும் 18,000 தேய்ச்சா 1,179 மிச்சம்னு மெசேஜ் வந்துதா? உடனே ஓடிப் போயி 18,000 ரூபாய்க்குக் கையில கட்டுத வாச்சு வாங்கிட்டே. மிச்சம் புடிக்க இப்பிடி ஒரு வழி இருக்குன்னு எங்க காலத்துல யாருக்கும் தெரியாமப் போச்சு. அந்த வாச்சு என்ன சொல்லுது? ராத்திரி தூக்கம் பத்தலைன்னு சொல்லுதாமே. எப்பிடிலே தூக்கம் வரும்?

தள்ளுபடிக் கார்டு எடுக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. வருஷம் 3 லட்சம் தன்னாலயே செலவாகுத குடும்பஸ்தனுக்கு 2 லட்ச வரம்பு ஒரு பொருட்டே கெடையாது, அவன் கேக்காமலே கட்டணம் ஓடிப் போயிரும். வரம்பைத் தொட அவனவன் எட்டிக் குதிக்க வேண்டியிருந்தா அது அவனுக்கான கார்டு இல்ல. அவ்வளவுதான்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை. கடைக்காரன் குடுக்கவேண்டிய தள்ளுபடியை வட்டிப் பேர்ல பேங்குக்கு மாத்திவிடுதான். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியை நீ கட்டுதே, பிராசசிங் கட்டணமும் உன் தலையில. ரொக்கமாத் தந்தா எவ்வளவு கொறைப்பேன்னு மொதல்ல கேட்டுப் பாரு.

கடைசியா இந்த வெள்ளைக் கார்டு. மேல ஒட்டுன ஸ்டிக்கரைக்கூட உரிக்கல. மால்ல ஒரு பை இனாமாக் குடுத்தான்னு வாங்குனதுன்னு நீயே ஒருக்கா சொன்னே. பையி கிழிஞ்சு போச்சு, கார்டு புத்தம் புதுசாக் கெடக்கு. வருஷக் கட்டணம் கெடையாது. ஆன்லைன் கடை பேரு போட்டது. இந்த வகையில அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுன்னு ஒண்ணு 2018-ல வந்துதே, அதுலயும் கட்டணம் கெடையாது. பிரைம் மெம்பரா இருந்தா அந்தக் கடையில வாங்குததுக்கு 5 சதவீதம், இல்லாட்டி 3, வெளிய ஒரு சதவீதம்னு குடுத்தாக. உன் கார்டும் ஏறத்தாழ அதே கணக்குதான். மாசம் 4,000, வருஷம் 48,000, அதுல அஞ்சு சதவீதம் 2,400 ரூபா. ஒரு பைசா செலவில்லாம வரவேண்டிய துட்டு பர்ஸுக்குள்ள ஸ்டிக்கரோட தூங்குது, நீ எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டி 131 ரூபா சம்பாதிக்கே. உன்னைப் படிக்க வச்ச துட்டுக்கு நாலு வெள்ளாடு வாங்கியிருந்தா இன்னைக்கு நாப்பதா நிக்கும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. இவன் தாரது எதுக்கு, தராதது எதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும். வாடகை, பெட்ரோல், நகை, இன்சூரன்சு, வாலட்டுல துட்டு ஏத்துதது, இதுல பாதிக்கு எவனும் தர மாட்டான். மாசத்துக்கு இவ்வளவுக்கு மேல கெடையாதுன்னு உச்ச வரம்பும் வச்சிருப்பான். அதையும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்துவான், மாத்துனதை மெயில்ல சொல்லிருவான். நீதான் மெயிலைத் தொறக்க மாட்டியே. ரயில் டிக்கெட்டுக்குன்னு ஐஆர்சிடிசி பேர்லயும் ஒரு கார்டு இருக்கு. ஏசியில போறவனுக்குத்தான் அதுல வெளைச்சல். நீ ஸ்லீப்பரு.

இன்னொண்ணு உனக்கு வேணும், அதை உன் கூட்டாளி எவனும் சொல்லியிருக்க மாட்டான். ரூபே கிரெடிட் கார்டு. 2022 செப்டம்பர்ல அதை யுபிஐயோட சேத்துவிட்டாக. மொத மொதல்ல இறங்குன மூணு பேங்குல நம்ம மெட்ராஸ் இந்தியன் பேங்கும் ஒண்ணு. அந்தக் கார்டை போன்ல ஏத்திக்கிட்டா, டீக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை எங்கன ஸ்கேன் பண்ணுனாலும் கிரெடிட்ல போகும். தேய்க்க மிஷின் வேண்டாம். 2,000 ரூபா வரைக்கும் சின்னக் கடைக்காரனுக்கும் பிடித்தம் கெடையாது, அவனும் மொகத்தைச் சுளிக்க மாட்டான். உன் நோட்டுல 5,000 இருக்கே ஸ்கேன் கணக்கு, அதுக்கு இதான் தோது. ஆனா கடைன்னு பதிஞ்ச கியூஆருக்குத்தான் போகும். நம்ம பெட்டிக்கடை அண்ணாச்சி தன் சொந்த நம்பரை அடிச்சு ஒட்டியிருக்காருல்லா, அதுல போகாது. கூட்டாளிக்கும் அனுப்ப முடியாது. அது ஒரு விதத்துல நல்லதுதான்.

கூட்டாளின்னதும் ஞாபகம் வருது. "மச்சான், உன் கார்டுல ஒரு ஃப்ரிட்ஜ் போட்டுரு, மாசா மாசம் தந்திருதேன்"னு எவனாவது வந்தா, காது கேக்காத மாதிரி இருந்துக்கோ. அவன் தரலன்னா சிபில்ல அவன் பேரு வராது, உன் பேருதான் வரும். இந்த சிபில் இப்ப எங்கெல்லாம் வந்து நிக்குதுங்கே? 300-ல இருந்து 900 வரைக்கும் மார்க்கு, 750-க்கு மேல இருந்தா பேங்குக்காரன் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லுவான். மகாராஷ்டிராவுல மாப்பிள்ளையோட சிபிலைப் பாத்துட்டுப் பொண்ணு வீட்டுக்காரக கல்யாணத்தையே நிறுத்துனாகன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நம்ம தரகரு இன்னும் ஜாதகம்தான் கேக்காரு, அதனால நீ தப்பிச்சுக்கிட்டு வாரே. கார்டுல லட்ச ரூபா லிமிட்டு இருக்குன்னா முப்பதாயிரத்துக்குள்ள நின்னுக்கோ. வருஷத்துக்கு ஒருக்கா முழு ரிப்போர்ட்டையும் இலவசமாப் பாக்கலாம். பாத்தியா? பாத்திருக்க மாட்டே.

உன் தங்கச்சிக்கும் கார்டு வேணுமாம், சம்பளச் சீட்டு இல்லன்னு தர மாட்டேங்காகளாம். அவ பேர்ல இருக்க ஃபிக்சட் டெபாசிட் மேலயே கார்டு வாங்கலாம், டெபாசிட்டுக்கு வட்டியும் நிக்காம வரும். அவ உன்னைவிட விவரம், பொழச்சுக்கிடுவா.

இப்ப சோலியை முடி. நீலத்தை ரத்து பண்ணச் சொல்லி இன்னைக்கே மெயில் போடு. தங்கத்துல பாக்கியை அடைச்சிட்டு அதையும் ரத்து பண்ணு. பண்ண விட மாட்டாகன்னு பயப்படாதே. ரெண்டு ஆபீசரு பேசுவாக, "உங்களுக்குன்னு ஸ்பெஷல் ஆஃபர் சார்"னு மூணாவதா ஒரு மேனேஜர் வருவாரு. ரிசர்வ் வங்கி 2022-ல ஒரு விதி போட்டிருக்கு: பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், மூடலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபா அவன் உனக்குத் தரணும். அதனால மெயில்லயே சொல்லு, போன்ல சொன்னா தேதி நிக்காது. எட்டாவது நாள் ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு. மீதியை நான் பேசிக்கிடுதேன், எனக்கும் பொழுது போகணும்.

கறுப்பை மட்டும் மூடிராதே. நீ வேலைக்குச் சேந்த புதுசுல எடுத்தது, அதுதான் மூத்தது. மூத்த கணக்கை மூடுனா சிபில்ல வயசு கொறையும். அந்த பேங்குக்காரன் கிட்ட, கட்டணமில்லாத கார்டா மாத்திக் குடு, முடிஞ்சா ரூபேயாக் குடுன்னு கேளு. மெரட்டாம, சும்மா கேளு. பெரும்பாலும் மாத்துவான். கறுப்புக் கலரு போயிரும், அதைத் தாங்கிக்கிடணும்.

ஆச்சா? இனி வெள்ளைக் கார்டுல ஒரு சின்னச் சோலி. அந்த ஸ்டிக்கரை உரி. உனக்கு பில் போடுத தேதி மாசம் 20. இன்னைக்கு டிசம்பர் 21. இன்னைக்கு வாங்குனா ஜனவரி 20-ல பில்லு, துட்டு கட்ட பிப்ரவரி 9 வரைக்கும் தவணை. அம்பது நாள், வட்டி கெடையாது. நேத்து வாங்கியிருந்தா முப்பது நாள் கொறைஞ்சிருக்கும். அதனாலதான் நேத்து நீ வந்து எறங்குனதும் நான் ஒண்ணும் பேசல.

கெணத்து மோட்டாரு காயில் போயிட்டு. அந்த ஆன்லைன் கடையில அஞ்சு எச்பி மோட்டார் 32,000-னு போட்டிருக்கான். நம்ம டவுன்ல கேட்டேன், 33,500-ங்கான். தையில உளுந்து வித்ததும் பிப்ரவரி 5-ஆம் தேதிக்கு முன்னால துட்டு உன் கணக்குல விழுந்திரும், எழுதித் தாரேன். என்ன பாக்கே? கூட்டாளிக்குத்தானே தேய்க்காதேன்னேன், தாய்மாமனுக்குன்னு சொன்னேனா? திரும்ப வார அஞ்சு சதவீதம் 1,600 ரூபா. அதுல 600-ஐ நீ வச்சுக்கோ. மேல இருக்க ஆயிரம் இம்பிட்டு நேரம் சொன்ன புத்திமதிக்கு. போனை எடு, அட்ரஸ் சொல்லுதேன், போட்டுக்கோ.